கிளையின் ஒரே நல்ல கடன்

கடன் பாக்கியை மொத்தமாகக் கட்ட அரசு வங்கிக்குப் போன அன்று, ரொட்டிக்கடைக்காரர் சலவைச் சட்டை போட்டு, புருவத்தில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போனார். எடுத்த காரியத்தை முழுசாக முடித்த மனிதனுக்கு வரும் லேசான திமிர் அவர் நடையில் தெரிந்தது. பாவம், அவர் எந்த மாதிரி இடத்துக்குப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

ரொட்டி சுடும் பெரிய அடுப்பு வாங்குவதற்காக எடுத்த கடன் அது. அடமானம் வைத்தது அக்காவின் வீட்டுப் பத்திரம். அக்கா தபால் ஆபீசில் நின்றபடியே கடிதம் பிரித்துப் பிரித்து, கால் வீங்கிச் சம்பாதித்த வீடு. புருஷன் போன பிறகு தம்பி குடும்பத்தையும் அதிலேயே வைத்துக்கொண்டாள். பத்திரத்தைக் கொடுக்கும்போது, "நீ நல்லவன்னு எனக்குத் தெரியும். அதனாலதான்டா பயமா இருக்கு" என்றாள். அவர் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்.

இப்போது பத்திரம் அவசரமாகத் தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒரு கண் ஏற்கெனவே மங்கிப்போயிருந்தது. அடுத்த கண்ணிலும் நீரழுத்தம் ஏறுகிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வீட்டின் பின்கட்டை வாங்கிச் சரக்கு அறையாக்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அசல் பத்திரத்தைக் காட்டினால் அன்றைக்கே பணம். ஆகவே, கடனை முடிப்பது, பத்திரத்தை வாங்குவது, பின்கட்டை விற்பது, அக்காவின் கண்ணைக் காப்பாற்றுவது என்று ரொட்டிக்கடைக்காரர் மனதில் எல்லாம் வரிசையாக இருந்தது.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "கடனை முடிக்கணும்மா" என்றார்.

"முடிக்கணும்னா?"

"மீதியை மொத்தமா கட்டிட்டு, கணக்கை மூடணும்."

அவள் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தாள். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இந்தக் கிளையில் அப்படி ஒரு காரியம் நடந்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரை மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நாங்க என்ன தப்பு பண்ணோம், சொல்லுங்க" என்றார்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பணம் சேர்ந்துடுச்சு. கட்டிடலாம்னு வந்தேன்."

"இப்படித் திடுதிப்புன்னு வந்து கட்டறேன்னா எப்படிங்க? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?" மேனேஜர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. இந்தக் கிளையில ஒழுங்கா திரும்பி வர்ற கடன் ஒண்ணே ஒண்ணுதான். அது உங்களோடது. நீங்களும் போயிட்டா எங்க கதி என்ன?"

மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். சின்னக் கடன்காரர்கள் சிலர் கட்ட முடியாமல் போய், கடையை விற்று, வீட்டை விற்று ஒழிந்துபோனார்கள். மிச்சமிருந்த மொத்தப் பணமும் கப்பல்காரரிடம் இருந்தது.

கப்பல்காரரை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கப்பல் கட்டுவதற்காக அந்தக் கிளையில் கோடிக்கணக்கில் கடன் வாங்கியவர். ஊரில் கடல் கிடையாது. இதை வங்கியில் யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு அதிகாரி கவனித்தார், கவனித்ததை எழுதியும் வைத்தார். அவர் கடலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று அவரைக் கடல் இருக்கிற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கப்பல்காரர் வட்டி கட்ட முடியாதபோதெல்லாம் வட்டி கட்டுவதற்கு வங்கியே புதுக்கடன் கொடுத்தது. அந்தக் கடனுக்கு வட்டி கட்ட வேறொரு கடன். இதனால் கப்பல்காரர் ஒருநாளும் தவணை தவறாதவர் என்று பெயர் எடுத்து, புது மாளிகையும் கட்டிக்கொண்டார்.

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் வருது" என்றார் மேனேஜர். "நல்ல கடன் எத்தனைன்னு கேட்பாங்க. ஒண்ணுன்னு சொன்னாலே கேவலம். ஒண்ணும் இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. எல்லாத்தையும் கட்டிடுங்க, வேண்டாங்கல. ஒரு ரொட்டி விலை மட்டும் பாக்கி வைங்க."

"ஒரு ரொட்டியா?"

"ஒரே ஒரு ரொட்டி. கணக்கு மூடாம இருக்கும். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச அன்னைக்கே வாங்க, பத்திரத்தைக் கையில கொடுத்துடறேன். தவணைத் தேதியை நாங்களே தள்ளிவெச்சிடறோம். அது எங்களுக்குப் பழக்கம்தான். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

எதிரில் ஒருவர் கெஞ்சினால் ரொட்டிக்கடைக்காரருக்கு முடியாது என்று சொல்ல வராது. நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்குக் கேட்கிறவனுக்கு இன்றைய ரொட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்து அனுப்புகிற ஆள். ஒரு ரொட்டி விலையை விட்டு மற்றதையெல்லாம் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். இந்தக் கதையில் மற்றவர்கள் செய்ததெல்லாம் உத்தியோகம்.

வீட்டில் அக்கா கையை நீட்டினாள். "எங்கடா?"

"ஒரு மாசம் ஆகும்க்கா. பாவம், அந்த மேனேஜருக்கு ஒரு சிக்கல்."

"பேங்க்குக்கு நீ உதவி பண்றியா?" என்றாள் அக்கா. "சரிதான், உருப்பட்ட மாதிரிதான்."

இன்ஸ்பெக்ஷன் வந்தது. வட்டார அதிகாரி காரிலிருந்து இறங்கி நேராக ரொட்டிக்கடைக்கே வந்துவிட்டார். அடுப்பைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். ரொட்டியை அமுக்கிப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "நிஜமாவே இருக்காரே" என்று மேனேஜரிடம் சொன்னார். நல்ல கடன் என்று எழுதி அனுப்பும் பல கிளைகளில் விலாசத்தைத் தேடிப் போனால் காலி மனைதான் இருக்குமாம்.

மறுநாள் பாக்கியை எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் வங்கிக்குப் போனார். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். வட்டார அதிகாரிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இப்போது கணக்கை மூடினால் மேலிடத்துக்கு அவமானமாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். ஆபரேஷனுக்காவது கடன் கிடைக்குமா என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

"தாராளமா. பத்திரம் கொண்டு வாங்க."

"பத்திரம் உங்ககிட்டதானே சார் இருக்கு."

"அது அடமானத்துல இருக்கே. அடமானத்துல இருக்கற சொத்துமேல நாங்க எப்படிக் கடன் கொடுக்கறது? விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கப்பல்காரருக்கு ஒரே இடத்துமேல நாலு தடவை கொடுத்தீங்களே சார்."

"அவர் கட்ட மாட்டார்னு எங்களுக்கு நிச்சயமா தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே எல்லா ஏற்பாடும் பண்ணி வெச்சிருக்கோம். உங்களை எதுல சேர்க்கறதுன்னே எங்களுக்குப் புரியலை" என்றார் மேனேஜர். பரிதாபமாகத்தான் சொன்னார்.

அடுத்து வங்கியின் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு வண்டி நிறைய புது அதிகாரிகள் வந்தார்கள். மாவு பிசைகிற மேடைக்கு எதிரே, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். பயிற்றுநர் ஒரு குச்சியால் ரொட்டிக்கடைக்காரரைச் சுட்டிக்காட்டினார்.

"நன்றாகக் கவனிக்கவும். கடனைத் திருப்பிக் கட்டுபவர் என்று புத்தகத்தில் படித்தீர்கள் அல்லவா? இவர்தான். கேள்வி இருந்தால் கேட்கலாம்."

ஒரு பையன் கையைத் தூக்கினான். "சார், உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்களே. வாங்கினோம், கட்டறோம்."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண், "கட்டலைன்னா என்ன ஆகும்னு நினைச்சீங்க?" என்றாள்.

"வீடு போயிடும்னு நினைச்சேன்."

"சரியான பதில்" என்றார் பயிற்றுநர். "சிறிய கடனுக்கு வீடு போகும். இவர் திட்ட அறிக்கையிலேயே கோட்டை விட்டுவிட்டார். அடுப்புக்குப் பதில் அடுப்புத் தொழிற்சாலை என்று போட்டிருந்தால் இன்று நாம் இவர் கடைக்கு வந்திருக்க மாட்டோம். இவர் நம் தலைமை அலுவலகத்துக்கு வந்திருப்பார், நாம் எழுந்து நின்றிருப்போம்."

போகும்போது ஆளுக்கு இரண்டு பன் சாப்பிட்டார்கள். பணத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும் என்றார் பயிற்றுநர். அது வரவே இல்லை. இப்படியாக அரசு வங்கி ரொட்டிக்கடைக்குக் கடன்காரன் ஆனது.

மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை வந்து விசாரித்தார். மூன்றாவது முறை வரவில்லை. அவருக்கு வேறு இடத்தில் அறை கிடைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அக்கா தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைப்பதாக நினைத்து மேசைக்கு வெளியே வைத்தாள். கோப்பை உடைந்த சத்தத்துக்கு ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல, கை நழுவிடுச்சு" என்றாள். கை நழுவவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அன்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்த வாரமே வங்கியின் தலைவர் கலந்துகொள்ளும் விழாவுக்கு அழைப்பு வந்தது. 'நேர்மையான வாடிக்கையாளர்' என்று அவருக்குக் கேடயம் தரப்போகிறார்களாம். தலைவரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினார். குளிரூட்டிய மண்டபம். முன்வரிசை சோபாக்களில் கட்டாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுகிறவர்களுக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் ஒன்றே ஒன்று. சிறப்பு விருந்தினர் கப்பல்காரர்.

தலைவர் எழுந்து பேசினார்.

"வாராக்கடன் என்ற சொல்லை நம் வங்கியில் தடை செய்திருக்கிறோம். அது வாடிக்கையாளர் மனதைப் புண்படுத்துகிறது. இனி அது 'பயணத்தில் இருக்கும் கடன்'. சிலர் கேட்கிறார்கள், சிறியவனை விரட்டுகிறீர்கள், பெரியவருக்குச் சாமரம் வீசுகிறீர்களே என்று. நான் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். சிறிய கடன்காரர் நம்மை நம்பி இருக்கிறார். பெரிய கடன்காரரை நம்பி நாம் இருக்கிறோம். அவர் திருப்பிக் கட்டாத காரணத்தால்தான் மீட்புத் துறை, சீரமைப்புத் துறை, கண்காணிப்புத் துறை என்று மூன்று மாடிகள் கட்டினோம். நாளைக்கே அவர் கட்டிவிட்டால் அந்த மூன்று மாடி ஊழியர்களின் குடும்பங்கள் என்ன ஆகும்? போட்ட பணம் போனால் மக்கள் வரிப்பணம் இருக்கிறது. மக்கள் நம்மைக் கைவிட மாட்டார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை."

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கப்பல்காரர் பேசினார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். மெலிந்த குரல், எளிமையான சட்டை.

"கடன் வாங்கியதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க வங்கி விட்டதும் இல்லை. ஒவ்வொரு வருடமும் நினைவூட்டி, கூடவே கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். கப்பல் பாதி முடிந்துவிட்டது. எந்தப் பாதி என்று பொறியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடல் வந்துவிட்டால் மீதி வேலை சுலபம்."

அவர் கையாலேயே கேடயம் கொடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரரிடம் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"ஐயா, எனக்கு இது வேண்டாம். ஒரு ரொட்டி விலைதான் பாக்கி. இப்பவே கையில வெச்சிருக்கேன். வாங்கிக்கிட்டு எங்க அக்கா பத்திரத்தைக் கொடுத்துடுங்க. அவங்களுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கப்பல்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மைக்கை வாங்கி, "பார்த்தீர்களா? மேடையில்கூட கட்டுகிறேன் என்கிறார். இப்படிப்பட்டவரை நாம் எப்படி விட முடியும்?" என்றார். பாக்கிப் பணத்தைப் பிடித்திருந்த ரொட்டிக்கடைக்காரரின் கையைத் தலைவர் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அந்தப் புகைப்படம் வங்கியின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது.

அக்காவின் இரண்டாவது கண்ணிலும் பார்வை போனது ஒரு சாதாரணக் காலை வேளையில். "விளக்கைப் போடுடா" என்றாள். அடுக்களை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

இதற்குப் பிறகும் ஒரு தபால் வந்தது. ரொட்டிக்கடைக்காரரின் கடன் ஒரு கடன் மீட்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டதாகவும், இனி எல்லாத் தொடர்பும் அவர்களோடுதான் என்றும் அதில் இருந்தது. அவர் மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் பதவி உயர்வில் போவதற்காக மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"வருத்தப்படாதீங்க. நடைமுறைதான்" என்றார். "கப்பல்காரர் கடனை இனிமே தூக்கிச் சுமக்க முடியாதுன்னு மேலிடம் வித்துடச் சொல்லிடுச்சு. வெறும் கெட்ட கடனை மட்டும் மூட்டையா கட்டி வித்தா எவன் வாங்குவான்? பழக்கூடையில மேலாக்க ஒண்ணு நல்லதா வைக்கிறதில்லையா, அந்த மாதிரி உங்களோடதை மேல வெச்சோம். உங்க முகத்துக்காகத்தான் வாங்கினாங்க."

"எவ்வளவுக்கு சார் வித்தீங்க?"

மேனேஜர் தொகையைச் சொன்னார். அந்தப் பணத்துக்குக் கப்பல்காரர் வீட்டு வாசல் கேட்டைக்கூட வாங்க முடியாது.

மீட்பு நிறுவனம் பளபளவென்று இருந்தது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கப்பல் இருந்தது. நிறுவனத்தை நடத்துபவர் கப்பல்காரரின் மைத்துனர். கப்பல்காரர் வாங்கிய கடனைக் கப்பல்காரர் வீட்டுக்காரர்களே சல்லிக்காசுக்கு வாங்கி, முதல் வேலையாக அதை மன்னித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ரொட்டிக்கடைக்காரர் கடன். அதை மன்னிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

மைத்துனர் ரொம்ப மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க தவணைத் தேதியைத் தள்ளிவெக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தேதி தள்ளின கடன்னா சிரமத்துல இருக்கற கடன். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"ஒரு ரொட்டி விலைதாங்க பாக்கி. இந்தாங்க."

"அதை வாங்கறதுக்கு எங்ககிட்ட கவுன்டரே இல்லீங்க. நாங்க சொத்தை எடுத்து விக்கிற கம்பெனி. பணம் வாங்கற கம்பெனி இல்லை. செலவு, அபராதம், வக்கீல் ஃபீஸ் எல்லாம் சேர்த்து ஏலத்துல கழிச்சுப்போம். மீதி இருந்தா உங்களுக்குத்தான்."

மீதி இல்லை. வீடு ஏலத்துக்கு வந்தது. கேட்டவர் ஒருவர்தான், கப்பல்காரர். வீட்டை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாகச் சொன்னார். வாங்குவதற்குப் பணம் கொடுத்தது அதே அரசு வங்கி, அதே கிளை. புது மேனேஜர் அதை நல்ல கடன் என்று மேலிடத்துக்கு எழுதினார். முதல் தவணையே இன்னும் தொடங்காததால் தவறியது என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டைக் காலி செய்கிற அன்று ரொட்டிக்கடைக்காரர் கட்டிலையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றினார். அக்கா கூடத்து நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி அவள் பக்கத்தில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அழாதே. இனிமே எங்க இருந்தாலும் எனக்கு ஒரே இருட்டுதான்" என்றாள் அக்கா. பிறகு தம்பி நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஒண்ணு கேட்கட்டுமாடா?"

"கேளுக்கா."

"அந்தக் கப்பல்காரன் ஒரு காசு கட்டலை. அவனுக்கு அவன் வீடும் இருக்கு, என் வீடும் கிடைச்சுடுச்சு. நீ ராத்திரி பகலா அடுப்புல வெந்து, ஒரு தவணை விடாம கட்டினே." அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ எதுக்குடா கட்டினே?"

வீடு போய்விடும் என்று பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் சொன்னதை இவளிடம் சொல்ல ரொட்டிக்கடைக்காரருக்கு வாய் வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார். வாசற்படி எங்கே இறங்குகிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போதுதான் அவள் காலை எங்கே வைப்பது என்று கேட்டாள்.